மாடியில் ஏறிய படகுகள்

ஒரே ஆறு. இந்தக் கரையில் மாடவளநாடு, அந்தக் கரையில் கழனிநாடு. நடுவில் ஓடிய ஆற்றுக்கு இரண்டு நாடுகளைப் பற்றியும் தனிப்பட்ட அபிப்பிராயம் எதுவும் கிடையாது. காற்றுக்கு மட்டும் ஒரு பழக்கம் இருந்தது. அது எப்போதும் அக்கரையிலிருந்து இக்கரைக்கே வீசும்.

மாடவளநாட்டில் மொட்டைமாடி இல்லாத வீடே இல்லை. சாயங்காலம் வெயில் தணிந்ததும் குடிமக்கள் மாடியேறி, மனதில் பட்டதை உரக்கச் சொல்வார்கள். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தால் கைதட்டுவார்கள். பிடிக்காவிட்டால் இன்னும் உரக்கத் திட்டுவார்கள். ஒருவருக்கு எவ்வளவு கைதட்டல் என்பதைப் பார்த்துத்தான் அந்த நாட்டில் பெண் கொடுத்தார்கள், பந்தியில் இடம் கொடுத்தார்கள்.

மாசிலாமணி காய்கறி வியாபாரி. கனத்த உடம்பு, சொந்தமாக ஒரு படகு. மேலாற்றுத் தோட்டங்களில் பூசணியும் கத்தரியும் ஏற்றிவந்து சந்தையில் விற்றார். மாடிப்பேச்சில் அவர் சோபித்ததில்லை. தக்காளி அழுகுவதைப் பற்றியும் மைத்துனர் குணத்தைப் பற்றியும் பேசுவார். இரண்டு பேர் கைதட்டினால் அதில் ஒருவர் அவர் மனைவி சௌந்தரம்.

இப்படி இருக்கையில், ஒரு நாள் காலை கழனிநாட்டின் சேனாதிபதி, மக்கள் தேர்ந்தெடுத்த சபையை இழுத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நாட்டின் நன்மைக்காகத்தான் என்று சொன்னார். மக்கள் நம்பவில்லை. சோற்றுப்பானைகளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து அடித்தார்கள். முதல் பானையை அடித்தவள் தையல்நாயகி என்ற சத்திரத்துச் சமையற்காரி என்று படகோட்டிகள் வந்து சொன்னார்கள். பட்டாளம் சுட்டது. தப்பியவர்கள் படகேறியபோது, சேனாதிபதி அக்கரைப் படகுகளை எல்லாம் கோடாலியால் பிளக்கச் சொன்னார். பானைச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் கோடாலிச் சத்தமும் காற்றோடு இக்கரைக்கு வந்தன.

அன்று மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. அதில் பொய்யே இல்லை. தட்டை ஒதுக்கிவிட்டு மாடிக்குப் போய், நாலு வார்த்தை சொன்னார். தெருவே கைதட்டியது. அடுத்த தெருவும் தட்டியது. மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே, கைதட்டல் எந்தத் தெருவரை போகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டார்.

மறுநாளிலிருந்து தையல்நாயகியைத் தினமும் வர்ணித்தார். பார்த்ததில்லை என்பது ஒரு தடையாக இருக்கவில்லை. ஆறடி உயரம், கண்ணில் கனல், இடிபோன்ற குரல். கைதட்டல் குறைந்த ஒரு நாள் அவளை இன்னும் இரண்டு அங்குலம் வளர்த்தார்.

ஒரு வாரத்தில் அவருக்கு அந்த யோசனை உதித்தது. கயிறு கட்டி, ஆள் வைத்து, தம் படகை மாடிக்கு ஏற்றிக் கவிழ்த்து வைத்தார். "அக்கரையில் ஓடாத படகு இக்கரையிலும் ஓடாது!" என்று முழங்கினார். ஊர் அதிர்ந்தது. மாதம் முடிவதற்குள் ஆற்றில் ஒரு படகு பாக்கியில்லை. மாடவளநாட்டின் ஒவ்வொரு வீடும் தொப்பி போட்டுக்கொண்டது.

அரசாங்கம் குடிமக்களின் உணர்வை மதிப்பது. மாடித்துறை அமைச்சர் சர்வோத்தமர் படித்துறையில் நின்று ஆணையை வாசித்தார்.

"ஆற்றில் மிதக்கும் ஒவ்வொரு படகும், துயருறும் அக்கரைச் சகோதரர்களின் கன்னத்தில் விழும் அறையாகும். ஆகையால் இன்றுமுதல் படகுகள் மாடியில் மட்டுமே இருத்தல் வேண்டும்."

அந்நேரம் அவருக்குப் பின்னால் அரசாங்கத் தோணி, இரும்புக்கம்பியும் அரிசியும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. சேனாதிபதியின் பட்டாளத்துக்கான சரக்கு.

"அது மட்டும் எப்படிங்க போகலாம்?" என்று ஒரு மீன்காரி கேட்டாள்.

"அது தோணி அல்ல அம்மா" என்றார் சர்வோத்தமர் பொறுமையாக. "அது வெளியுறவு."

மீன்காரிக்கு அதற்குமேல் கேள்வி இல்லை. கொஞ்ச நாளில் மீனும் இல்லை. சௌந்தரம் பூசணிக்கூடையைத் தலையில் வைத்து, மேட்டு வழியாகச் சந்தைக்கு நடந்தாள். கழுத்து வீங்கிப்போனது. வைத்தியர் கீழாற்றுப் பக்கம் இருந்தார், படகில்லாமல் போக வழியில்லை. மாசிலாமணி அதையும் மாடியில் சொல்லி, தியாகம் என்று பெயர் வைத்தார்.

இதற்கிடையில் மூன்றாம் தெரு அம்பலவாணன் கிளம்பினார். இந்த மாதிரி ஆள் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார்.

"மாடியில் ஏற்றிய படகை நாளைக்கே இறக்கிக்கொள்ளலாமே? திரும்பிப் போக வழி வைத்துக்கொண்டு காட்டுவது ஆதரவா?" என்று கேட்டு, தம் படகின் அடியில் உளியால் ஒரு துளை போட்டுக் காட்டினார். மாசிலாமணி மூன்று நாள் முழுக்கப் பாடுபட்டுச் சம்பாதிக்கும் கைதட்டல் அம்பலவாணனுக்கு அந்த ஒரு துளையில் கிடைத்தது.

மாசிலாமணிக்குத் தூக்கம் போனது. மறுநாள் ரம்பத்தோடு மாடியேறினார்.

"ஏங்க, இதுல ஓட்டை போட்டா அவங்களுக்கு என்னங்க ஆகும்?" என்றாள் சௌந்தரம்.

"உனக்கு அரசியல் புரியாது."

"கழுத்து வலி நல்லாப் புரியுதுங்க."

அன்று சாயங்காலம், கவிழ்த்த படகுக்குள் நின்று, அடிப்பலகையில் அறுத்த துளை வழியாகத் தலையையும் தோளையும் வெளியே நீட்டி மாசிலாமணி பேசினார். அம்பலவாணனின் துளை ஒன்றுமில்லாமல் போயிற்று. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. துளையின் குறைந்தபட்ச அளவு ஒரு தேங்காய் என்று ஆணை வந்தது. துளை ஆய்வாளர்கள் ஆளுக்கொரு தேங்காயோடு வீடு வீடாக வந்து போட்டுப் பார்த்தார்கள். தேங்காய் விழாத வீடுகள் சந்தேகத்துக்கு உள்ளாயின.

மாடவளநாட்டினர் மத்தியான வெயிலில் மாடியேறுவதில்லை, தூங்குவார்கள். அப்படியொரு மத்தியானம் மாசிலாமணியின் கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். சொட்டச் சொட்ட நனைந்த ஒருவர், நாற்பது வயதிருக்கும். ஆற்றை நீந்தி வந்தவர். பெயர் வேலப்பன் என்றார்.

"ஐயா, ஒரு படகு வேணும். நாலு பேரு நாணலுக்குள்ள மறைஞ்சிருக்காங்க. ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. பட்டாளத்தான் நாணலைக் கொளுத்திக்கிட்டே வர்றான். பொழுது சாயறதுக்குள்ள வந்துருவான்."

"யாரு நாலு பேர்?"

"எங்கக்காவும் இன்னும் மூணு பேரும். அக்கா பேரு தையல்நாயகி."

மாசிலாமணிக்கு முதலில் தோன்றியது, இதை இன்று சாயங்காலம் மாடியில் சொன்னால் எப்படி இருக்கும் என்பதுதான். தோன்றிய கையோடு அவருக்கே உடம்பு கூசியது. ஆனாலும் தோன்றியது அதுதான்.

"படகெல்லாம் மாடியில இருக்கே" என்றார் மெதுவாக.

"பார்த்தோம்யா. எங்களை ஏத்திக்கிட்டு வரத்தான் தாரு பூசிக் காயவெக்கிறீங்கன்னு அக்கா சொல்லிச்சு. தினமும் பார்த்துக்கிட்டே இருக்கும்."

மாசிலாமணி சுவரில் சாய்ந்துகொண்டார். 

"பேசிக்கிட்டே நிக்காதீங்க" என்று சௌந்தரம் கயிற்றை எடுத்துவந்தாள். மூவருமாகப் படகை இறக்கினார்கள். ஊர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் துளையைப் பார்த்து வேலப்பன் திகைத்தார்.

"யாருங்க இப்படிப் பண்ணது? உங்களுக்கு ஆகாதவங்களா?"

மாசிலாமணி கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். சௌந்தரம் இருப்பதில் பெரிய பூசணியைத் துளையில் வைத்தாள். அது நழுவி ஆற்றோடு போனது. வைராக்கியத்தோடு அறுத்த துளை அல்லவா. கடைசியில் மாசிலாமணி நான்கு சாக்குகளை மடித்து வைத்து, அவற்றின்மேல் தாமே உட்கார்ந்தார். உடம்பு கச்சிதமாகப் பொருந்தியது. தண்ணீர் வேகம் குறைந்து கசிய ஆரம்பித்தது.

"தள்ளுங்க" என்றார். வேலப்பன் துடுப்புப் போட்டார். இடுப்புக்குக் கீழே ஆற்றுக்குள்ளும் மேலே படகுக்குள்ளுமாக மாசிலாமணி அக்கரை சேர்ந்தார்.

நாணலுக்குள்ளிருந்து கட்டையான, தலை நரைத்த ஒரு பெண்மணி வந்தார். கத்திக் கத்திக் குரல் போய், பேச்சு கிட்டத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் கிசுகிசுப்பாகியிருந்தது. காற்றுதான் வந்தது.

"நீங்க யாரு?" என்றார்.

"நான் மாசிலாமணிம்மா. உங்களுக்காகத் தினமும் மாடியில பேசுறவன். படகை முதல்ல ஏத்தினது நான்தான்."

"அப்படியா? காத்து இந்தப் பக்கம் வீசாதே. ஒண்ணும் கேட்டதில்லை." தையல்நாயகி திரும்பி, "கால்ல குண்டு பட்டவரை முதல்ல ஏத்துங்க" என்றார்.

மாசிலாமணி எழுந்து உதவப்போனார். தண்ணீர் பீறிட்டது. "நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க" என்று எல்லாரும் கத்தினார்கள். அவர் உட்கார்ந்தார். தம்மால் ஒருவருக்கு உபயோகம் என்பதை அன்றுதான் அவர் கண்டார்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. மாடவளநாடு முழுவதும் மாடியில் இருந்தது.

"தண்ணீரில் படகு!" என்று அலறினார் அம்பலவாணன். "போராடும் மக்களின் கன்னத்தில் அறைகிறான்! துரோகி!"

மாடிக்கு மாடி அந்தச் சொல் தாவியது. படகு கரை தட்டுவதற்குள் சர்வோத்தமர் காவலர்களோடு படித்துறையில் நின்றார்.

"தையல்நாயகியின் போராட்டத்தை அவமதித்த குற்றத்துக்காக உங்கள் ஏழு பேரையும் கைது செய்கிறோம்" என்றார். கரையில் நின்ற சௌந்தரத்தையும் சேர்த்து எண்ணியிருந்தார்.

"ஐயா, இவங்கதான் தையல்நாயகி!" என்றார் மாசிலாமணி.

அமைச்சர் அந்தப் பெண்மணியை மேலும் கீழும் பார்த்தார். "தையல்நாயகி ஆறடி இரண்டு அங்குலம். கண்ணில் கனல். இடிபோன்ற குரல். இவை தாங்கள் மாடியில் அருளியவை. எங்கே அம்மா, இடிபோலக் கொஞ்சம் பேசுங்கள்."

தையல்நாயகி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"மேலும், தையல்நாயகி அக்கரையில் நின்று போராடிக்கொண்டிருக்கிறார். இவர் இக்கரையில் நிற்கிறார். ஆகவே இவர் அவரல்ல."

மாசிலாமணி மாடிகளை அண்ணாந்து பார்த்தார். தெருத்தெருவாக, அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டிய முகங்கள். வாழ்நாளில் அவருக்கு வாய்த்த ஒரே மதிப்பு அங்கேதான் இருந்தது.

"நான் இட்டுக்கட்டினேன்!" என்று கத்தினார். "இவங்களை நான் இன்னிக்கு முன்னாடி பார்த்ததே இல்லை! உசரம், கனல், குரல் எல்லாம் நானாச் சொன்னது! கைதட்டுவீங்கன்னு சொன்னேன்!"

ஒரு கைகூடத் தட்டவில்லை. பிறகு ஒரு மாடியிலிருந்து தேங்காய் ஒன்று வந்து விழுந்தது.

"நன்று" என்றார் சர்வோத்தமர். "தையல்நாயகியைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டீர்கள். அப்படியிருக்க, இவர்தான் அவர் என்று எப்படிச் சாட்சி சொல்வீர்கள்?"

 அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் இருக்காது.

அரசாங்கம் கருணையோடு தீர்ப்பளித்தது. அக்கரையினர் ஐவரும் மரியாதையோடு அக்கரைக்கே அனுப்பப்படுவார்கள். தோணி எப்படியும் இரும்புக்கம்பியோடு அந்தப் பக்கம்தான் போகிறது. மாசிலாமணியும் சௌந்தரமும் உள்நாட்டவர் என்பதால் வீட்டுக்குப் போகலாம், ஒரு மாதம் மாடியேறக்கூடாது.

காவலர்கள் ஐவரையும் தோணியில் ஏற்றினார்கள். காலில் அடிபட்டவர் அழுதார். சேனாதிபதியின் துறையில் என்ன காத்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அமைச்சர் மாடிகளைப் பார்த்து, சம்பிரதாயத்துக்காகக் கேட்டார்: "இவர்களோடு துணைக்குப் போக விரும்புவோரை அரசாங்கம் தடுக்காது. யாராவது உண்டா?"

மாடவளநாட்டு மாடிகள் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

மாசிலாமணிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஈர வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பலகையைப் பிடித்துத் தத்தித் தத்தித் தோணியில் ஏறினார். தையல்நாயகி அவரை வியப்பாகப் பார்த்தார்.

"அங்க வந்து என்ன செய்வீங்க?"

"தெரியலம்மா. கத்தத் தெரியும்."

"அதுக்கு எங்ககிட்டயே ஆள் நிறைய இருக்கு" என்றவர், கம்பிக்கட்டை ஓரமாகத் தள்ளி அவருக்கு இடம் விட்டார்.

பின்னாலேயே சௌந்தரம் ஏறினாள். "நீ எங்கடி வர்ற?" என்றார் மாசிலாமணி. அவள் அவரைப் பொருட்படுத்தாமல், காலில் அடிபட்டவரின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தோணி நகர்ந்தது.

அது நடு ஆற்றைத் தாண்டியதும் மாடவளநாட்டுக்குக் குரல் திரும்பியது. மாசிலாமணி பேருக்காக ஏறினார் என்று சிலர் சொன்னார்கள். மனைவியையும் இழுத்துப் போனது அராஜகம் என்று சிலர். அன்றைய பேச்சுகளில் மிகச் சிறந்தது அம்பலவாணன் பேசியது. மார்பில் அடித்துக்கொண்டு, நா தழுதழுக்கச் சொன்னார்: "தோணியில் மட்டும் இடம் இருந்திருந்தால், முதல் ஆளாக நான் ஏறியிருப்பேன்!"

அரசாங்கத் தோணியில் இருநூறு பேர் தாராளமாக உட்காரலாம். அன்று அதில் போனது கொஞ்சம் இரும்பும் ஏழு பேரும்தான். இது எல்லா மாடியிலிருந்தும் நன்றாகத் தெரிந்தது. யாரும் கைநீட்டிக் காட்டவில்லை. எல்லாருடைய கைகளும் அம்பலவாணனுக்குத் தட்டிக்கொண்டிருந்தன.