ஒரு மணி நேர ஸ்ட்ரா

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், பெண்டாட்டியிடம் ஒரே ஒரு வாக்குவாதத்திலாவது ஜெயித்துவிட வேண்டும் என்று ஈரமானி முடிவு கட்டியது ஒரு ஜூஸ் கடை வாசலில்தான்.

அட்டைப்பெட்டி ஆலையில் எந்தப் பெட்டி எத்தனை நேரம் ஈரம் தாங்கும் என்று தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது அவர் உத்தியோகம். பட்டப்பெயர் வந்த வழி அது. கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். வீட்டில் பால் பொங்குவதைக்கூட அதை அமுக்கித்தான் பார்ப்பார்.

அன்று மனைவி தன் ஜூஸிலிருந்து காகித ஸ்ட்ராவை எடுத்துக் காட்டினாள். பாதியில் மடிந்து தலையைத் தொங்கப்போட்டிருந்தது.

"நாலு வாய் உறிஞ்சல, அதுக்குள்ள படுத்துடுச்சு. பேப்பர்னாலே இந்த லட்சணம்தான்."

பிறந்த வீட்டைச் சொன்னால் அவளுக்கு எப்படியோ, பேப்பரைச் சொன்னால் இவருக்கு அப்படி.

"பேப்பர் என்ன பண்ணும்? அது முழுக்க நார். நாருக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத சந்து. தண்ணி அது வழியா ஏறி, ஒண்ணையொண்ணு பிடிச்சிட்டிருக்கிற நாரைப் பிரிச்சு விட்டுடும். ஒட்டின பசையும் ஊறிடும். அதுலயும் வெட்டின முனை இருக்கு பாரு, மொதல்ல அங்கதான் உள்ள போகும்."

"இவ்வளவு தெரியுதே, ஒரு மணி நேரம் நிக்கிற மாதிரி உங்களால பண்ண முடியுமா?"

"என்னாலயா?"

"முடியலன்னா விடுங்க."

விட்டிருக்கலாம். விடவில்லை. அங்கேயே பந்தயம். ஞாயிறு காலை பத்து மணிக்கு டம்ளரில் போடும் ஸ்ட்ரா பதினொன்று வரை வளையாமல் நின்றால், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் அவரை ஆயுசுக்கும் யாரும் எழுப்பக் கூடாது. படுத்துவிட்டால், மூன்று வருஷமாக 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று அவர் தள்ளிக்கொண்டு வரும் பரணை அன்றைக்கே ஒழித்துத் தர வேண்டும். அந்தத் தூக்கத்தை நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கும்.

சனிக்கிழமை அவள் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து மெழுகுவத்தியை உருக்கினார். ஸ்ட்ராவை உள்ளும் புறமும் தோய்த்தார். வெட்டின முனைகளுக்கு இரண்டு கோட்டிங். குழாய்த் தண்ணீரில் நிறுத்தி, அரை மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தார். விறைப்பாக நின்றது. சமையலறையில் தன்னந்தனியாக ஒரு குத்தாட்டம் போட்டார்.

ஞாயிறு காலை ஹாலில் ஒரு ஏணி சாத்தியிருந்தது. பல்பு மாற்றப்போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தலையணை உறையை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். பத்து மணிக்கு டம்ளர் வந்தது. ஆவி பறந்தது.

"என்னது இது?"

"டீ."

"டீயா? ஜூஸ்தானே?"

"டம்ளர்லன்னுதாங்க பேச்சு. ஜூஸ்னு நீங்க சொன்னீங்களா, நான் சொன்னேனா?"

இரண்டு பேருமே சொல்லவில்லை.

"சரி, கொஞ்சம் ஆறட்டுமே."

"ஆறின டீயை என்னைக்கு நீங்க தொட்டிருக்கீங்க? கரண்டே போகல, டிராயர்ல ரெண்டு மெழுகுவத்தியைக் காணோம். அதான் கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்தேன்."

ஸ்ட்ராவைப் போட்டதும் மெழுகு உருகிக் கழன்று டீயின் மேல் வட்டம் வட்டமாக மிதந்தது. பாதுகாப்பில்லாத காகிதம் முதலில் குனிந்தது, பிறகு குழைந்தது, அப்புறம் விளிம்பில் சாய்ந்து படுத்தே விட்டது. பழக்க தோஷத்தில் ஈரமானி ஸ்டாப்வாட்சை அமுக்கினார். மூன்று நிமிஷம் நாற்பது நொடி.

மதியம் இரண்டு மணிக்கு அவர் பரணில் இருந்தார். மூக்கில் தூசி, முழங்காலில் ஒட்டடை, கையில் கைப்பிடி இல்லாத ஒரு வாணலி. கீழே மனைவி மின்விசிறிக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு, எலுமிச்சை ஜூஸை டம்ளரோடு வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், ஸ்ட்ரா போட்டுக்கலையா?"

"எனக்கு எதுக்கு? பதினோரு வருஷத்துல நான் ஸ்ட்ராவுல குடிச்சு எப்பப் பார்த்திருக்கீங்க?"

யோசித்தார். ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறார்.

"அப்போ அன்னிக்கு ஜூஸ் கடையில?"

அவள் கடைசி மடக்கையும் குடித்துவிட்டு நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுல ஏணிக்குச் சொல்லிவெச்சுட்டுத்தாங்க, அன்னிக்கு உங்களை ஜூஸ் கடைக்கே கூட்டிட்டுப் போனேன்."