மச்சான் இரண்டு முறை கழுவிய கால்

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலுக்கு வந்ததும், பெண்ணின் தம்பி செம்புத் தண்ணீரால் அவர் காலைக் கழுவிவிடுவான். மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போடுவார். ஒருவருக்கு ஒரு முறை நடக்கிற காரியம். எனக்கு மட்டும் இரண்டு முறை நடந்தது. முதல் முறை கல்யாணத்துக்கு நாலு மாதம் முன்பு, தோட்டத்து ரப்பர் குழாயால், தலையிலிருந்து கீழே.

தப்பு முழுக்க என்னுடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். (ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பயனில்லை. கற்பிட்டி முழுக்கத் தெரியும்.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்க வருகிற கடற்கரையில், ஒரு சின்ன விடுதியில் வேலை. வருகிறவர்களின் பெயரைக் கொப்பியில் எழுதுவேன், அறைச் சாவியைக் கொடுப்பேன், தொலைந்த சாவியைத் தேடுவேன். ஆனால் மாம்புரியில் எனக்குப் பெண் பேசப் போன இடத்தில் என் உம்மா சொன்ன கதை வேறு.

"எங்கட மகன் வெள்ளைக்காரருக்குப் பாதை காட்டுறவர். இந்தக் கரையில அவருக்குத் தெரியாத ஒழுங்கை இல்ல" என்றார்.

பக்கத்தில் இருந்த நான் மறுக்கவில்லை. மறுக்காததோடு நிற்காமல், அடக்கமாகத் தலையை வேறு ஆட்டினேன்.

பெண்ணின் பெயர் நஸ்ரீன். தேநீரோடு வந்தாள், ஒரு நிமிடம் நின்றாள், போய்விட்டாள். எனக்கு அந்த ஒரு நிமிடமே போதுமாக இருந்தது. அவளுக்குப் போதவில்லை. யோசித்து வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவளுடைய வாப்பாவுக்கும் ஒரு சந்தேகம். பொடியன் கொஞ்சம் பெரிய கதைக்காரன் போலிருக்கிறது என்று யாரிடமோ சொன்னாராம். அது பொழுது சாயுமுன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. உடனே உம்மா கட்டளை போட்டார்: வெள்ளிக்கிழமை வரை வாயைத் திறக்கக் கூடாது, மாம்புரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. பதில் வருமுன்னே பையன் பெண் வீட்டுப் பக்கம் சுற்றுகிறான் என்று பெயர் வந்தால், அதோடு பேச்சு முறிந்துவிடும்.

புதன்கிழமை காலையில் காற்று விழுந்துவிட்டது. காற்று இல்லாவிட்டால் பட்டமும் இல்லை. விடுதியில் ஒஸ்திரியாவிலிருந்து வந்த மார்ட்டினும் ஈவாவும் இருந்தார்கள். கணவன் மனைவி. இருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும், இருவருடைய கெண்டைக்காலும் என் தொடை அளவு. அவர்களுடைய ஊரில் மலையடிவாரத்தில் ஆற்றைப் பிடித்துக்கொண்டே போகிற, சரளைக்கல் கொட்டிய கிரவல் பாதைகள் உண்டாம். காலையில் சைக்கிளில் ஏறினால் பின்னேரம் வரை எதிரே ஒரு வாகனம் வராதாம். அப்படி ஒரு பாதை இங்கே இருக்கிறதா என்று ஈவா கேட்டாள்.

இருக்கிறது. தென்னந்தோட்டங்களுக்கு நடுவே புகுந்து, வெங்காயத் தோட்டங்களை ஒட்டி, கடல் உள்ளே புகுந்து தேங்கி நிற்கிற களப்பின் கரையோரமாகவே போகும். மலைதான் இல்லை. வாகனமும் இல்லை. கழுதைகள் மட்டும் பாதை நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும். ஒரே குறை, அந்தப் பாதை எனக்குத் தெரியாது. நான் பஸ்ஸில் போகிறவன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "எல்லாம் தெரியும்" என்றேன்.

வேஷம் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று, முன்பு வந்த யாரோ அறையில் விட்டுப்போன சைக்கிள் கால்சட்டையைப் போட்டுக்கொண்டேன். பின்பக்கம் பஞ்சு வைத்தது, தொடையை இறுக்கிப் பிடிப்பது, முழங்காலுக்கு ஒரு சாண் மேலேயே முடிந்துவிடுவது. கண்ணாடியில் பார்த்தேன். உலகச் சம்பியன் ஒருவன் தெரிந்தான். (விடுதிக் கண்ணாடி முகம் பார்க்கிற அளவுதான். கால்சட்டை அதில் தெரியவில்லை.)

விடுதிச் சைக்கிள்கள் மூன்றில் கிளம்பினோம். உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு சுகமாக இருந்தது. டயருக்கு அடியில் கிரவல் நொறுங்குகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. இடப்பக்கம் களப்பு அசையாமல் கிடந்தது. வெங்காயத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தவர்கள் கைகாட்டினார்கள். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்து இதைப் பார்க்காமல் எங்கே போயிருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பாதை ஒன்றுதான் என்பதால் வழிகாட்டியின் அறிவும் தேவைப்படவில்லை. நான் முன்னால் போனேன், அவர்கள் பின்னால் வந்தார்கள்.

அப்போதுதான் தென்னைகளுக்கு மேலே ஒரு நீலத் தண்ணீர்த் தாங்கி தெரிந்தது. அதன் ஒரு பக்கம் வெடித்து, கறுப்புத் தாரால் பிறை மாதிரி ஒட்டுப் போட்டிருந்தது. அந்தப் பிறையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். பெண் பார்க்கப் போன வீட்டில், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அரை மணி நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதை நேராக அந்த வீட்டின் பின்வேலியை உரசிக்கொண்டு போனது. நான் அந்தக் கால்சட்டையில் இருந்தேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

சட்டென்று இடப்பக்கம் திருப்பினேன். களப்பை நோக்கி வெள்ளை வெளேரென்று ஒரு வெளி கிடந்தது, சீமெந்து பூசியதுபோல மட்டமாக. மார்ட்டின் ஓரத்திலேயே நின்று, சப்பாத்து நுனியால் அழுத்திப் பார்த்தான். இது பாதைபோலத் தெரியவில்லையே என்றான். மலைநாட்டுக்காரனுக்குக் களப்பைப் பற்றி என்ன தெரியும்? "இதுதான் எங்களூர் கிரவல்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

வெயிலில் உப்புப் பூத்துக் காய்ந்த சேறு அது. மேலே ஒரு விரல் கனத்துக்கு ஓடு, கீழே முழுக்கக் கூழ். மாம்புரியில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இருபது மீட்டர் போனேன். முன்சில்லு உள்ளே இறங்கியது. நான் சைக்கிளைத் தாண்டிப் போய் முகம் குப்புற விழுந்தேன். எழுந்து நின்றால் தொடைவரை இறங்கினேன். சைக்கிள் மட்டும் விழவில்லை, நட்டுவைத்ததுபோல் நின்றது.

சத்தம் போட வேண்டாம் என்று ஈவாவைக் கெஞ்சினேன். ஆனால் மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய குரல் அது. அவள் ஒரு தரம் கூப்பிட்டதும் வெங்காயத் தோட்டத்திலிருந்து ஒருவன் ஓடி வந்தான். காய்ந்த தென்னோலைகளைச் சேற்றின் மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, அதன்மேல் நடந்து வந்து, என் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தான். என் புதுச் சப்பாத்து இரண்டும் இன்றுவரை அங்கேதான் இருக்கின்றன. அவன் நஸ்ரீனின் தம்பி ரிஸ்வான்.

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். "நீங்க கற்பிட்டி மாப்பிள்ளதானே?"

முகம் முழுக்கச் சேறு. இல்லையென்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஏனோ முடியவில்லை. ஓம் என்றேன்.

வீட்டின் பின்பக்கம் நிறுத்தி, தோட்டத்துப் பம்பைப் போட்டு, என்னைக் கழுவினான். சேறு போகப்போகக் கால்சட்டை வெளியே வந்தது. அதற்குச் சேறே தேவலை என்று இருந்தது. நஸ்ரீனின் வாப்பா, இன்றைய என் மாமா, வந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார், பிறகு முகத்தைத் தென்னைமரப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, இடுப்பில் கட்டத் தன் சாரமொன்றைத் தந்தார். நான் கட்டி முடிக்கும்வரை அவர் தேங்காய்களை எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"பாதை எல்லாம் தெரியுமெண்டுதானே சென்னாங்க?" என்று கேட்டார்.

நல்ல பொய்யாக ஒன்றைத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"தெரியாது மாமா. இந்தப் பாதையில நான் வந்ததே இல்ல. விடுதியில சாவி குடுக்கிறதுதான் என்ட வேலை. உங்கட வீட்டக் கண்ட வெக்கத்தில திரும்பினன். உம்மா சென்னது பிழை, நான் தலையாட்டினது அதவிடப் பிழை."

சமையலறை யன்னலுக்கு உள்ளே யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து, தோற்றுப்போனார்கள். மாமா சிரிக்கவில்லை. சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அழுகை வந்தது.

நஸ்ரீன் வெளியே வந்து, ஈவாவுக்கு மணலில் ஈர்க்கிலால் கோடு போட்டு மிச்சப் பாதையைக் காட்டினாள். எங்கே திரும்புவது, எந்த வேலிக்கருகில் நாய் இருக்கிறது, எந்த வெள்ளையை மிதிக்கவே கூடாது, எல்லாம் அதில் இருந்தது. அவர்கள் இருவரும் அந்தக் கோட்டின்படி போய்ச் சுற்றிவிட்டு, பின்னேரம் சந்தோஷமாக விடுதிக்குத் திரும்பினார்கள். நான் மாமாவின் சாரத்தோடு, சைக்கிளைக் கூரையில் கட்டிய முச்சக்கர வண்டியில் வீடு போனேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால் பதில் வந்திருந்தது: ஓம். தன் பேச்சுச் சாமர்த்தியம்தான் காரணம் என்று உம்மா இன்றுவரை நம்புகிறார். கல்யாணத்துக்குப் பிறகு நஸ்ரீனிடம் நான் காரணம் கேட்டேன்.

"புதன்கிழம வரைக்கும் வேணாமெண்டுதான் இரிந்தன்" என்றாள். "அந்தக் கால்சட்டையோட நிண்டுகொண்டு உண்ம செல்ற ஆள், வேற எந்த உடுப்பிலயும் செல்லுவாரு."

கல்யாணத்தன்று ரிஸ்வான் வாசலில் வெள்ளிச் செம்போடு நின்றான். மற்றக் கையில் அந்த ரப்பர் குழாய். "மச்சான், எதால?" என்று கேட்டான். மௌலவி உட்படச் சிரிக்காதவர் இல்லை. மாமாவும் சிரித்தார். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது நாங்களே விருந்தினரைச் சைக்கிளில் அழைத்துப் போகிறோம். பாதை போட்டது நஸ்ரீன், முன்னால் போவதும் அவள்தான். நான் கடைசியில் தண்ணீர்ப் போத்தல்களோடு வருவேன். பிறை ஒட்டுப்போட்ட தாங்கிக்குக் கீழே தேநீருக்கு நிறுத்துவோம். அங்கே அவள் இந்தக் கதையைச் சொல்வாள். அவள் ஆங்கிலம் படித்ததே இதைச் சொல்லத்தான் என்பது என் சந்தேகம். கதை முடிந்ததும் எல்லோரும் திரும்பி என் காலைப் பார்ப்பார்கள். அதற்குள் எங்கள் நாலு வயது மகள் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்து நிற்பாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுவேன்.