பொட்டு வைத்த மைக்ராஸ்கோப்

அறிவியல் உலகம் இதுவரை கண்ட மைக்ராஸ்கோப்புகளிலெல்லாம் தலைசிறந்தது கச்சிராயபாளையத்தில் இருக்கிறது. எந்தப் பள்ளியில் என்று சொன்னால் மற்ற பள்ளிகள் மனம் புண்படும்; வேண்டாம். ஊரிலுள்ள மைக்ராஸ்கோப்புகள் எல்லாம் கண்டவர் கை பட்டுத் தேய்ந்து பழசாகின்றன. இதுவோ, வாங்கி ஆறு ஆண்டாகியும் இதன் வழியாக ஒருவரும் எதையும் பார்க்காத காரணத்தால் புத்தம் புதிதாக இருந்தது. கண்ணாடி பீரோ, பித்தளைப் பூட்டு, சாவி தாளாளர் சுப்புராயனின் இடுப்பில். பாதுகாப்பு என்றால் அதுதான் பாதுகாப்பு.

அறிவியல் ஆசிரியை செந்தமிழ்ச்செல்வி இந்த ஏற்பாட்டை மனமாரப் போற்றி வந்தாள். மூன்று ஆண்டாகத் தற்காலிகமாக வேலை பார்ப்பவர்களுக்குப் போற்றுவது சுலபமாகவே வரும். ஒன்பதாம் வகுப்புக்கு அவள் விலங்குத் திசுக்கள் நடத்தும் அழகே தனி. எபிதீலியத் திசு மூடும், காக்கும். இணைப்புத் திசு இணைக்கும், தாங்கும். ரத்தமும் அதில்தான் சேர்த்தி. தசைத் திசு சுருங்கி விரிந்து ஆளை நகர்த்தும். நரம்புத் திசு சேதி கொண்டு போகும். நாலையும் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். படம் வரையவும் விதி உண்டு: தசைக்கு ரோஸ் பென்சில், ரத்தத்துக்குச் சிவப்பு, நரம்புக்கு மஞ்சள். பார்த்து வரைந்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள், பார்க்காமல் வரைந்தால் முழு மார்க் கிடைக்கும் என்பது பள்ளியின் "கல்விக் கொள்கை". நூற்றுக்கு நூறு தேர்ச்சி அதற்குச் சாட்சி.

அந்த வகுப்புக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அதன் பெயர் கோகிலவாணி. கரும்பு வெட்டப் போகும் தைலம்மாளின் மகள். எதையும் ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டாள்.

"மிஸ், இந்த நாலும் நம்ம உடம்புல நெஜமாவே இருக்குதா? இல்ல, புக்குல மட்டும்தானா?"

"இருக்குதும்மா."

"நீங்க பாத்திருக்கீங்களா மிஸ்?"

"பாத்திருக்கேன்" என்றாள் செந்தமிழ்ச்செல்வி. பொய் இல்லை. கல்லூரியில் நாற்பது பேர் வரிசையில் நின்று அரை நிமிஷம் பார்த்திருக்கிறாள். நீலமாக, ஓடு பாவியது மாதிரி, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடந்த அந்தச் செல்களைப் பார்த்த அன்றைக்குத்தான் அறிவியல் டீச்சர் ஆவதென்று முடிவு செய்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கொள்கைக்கு விரோதம்.

இந்த நிலையில்தான் "முன்மாதிரி ஆய்வகத் தேர்வுக் குழு" கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்பட்டு வருவதாகக் கடிதம் வந்தது. மைக்ராஸ்கோப்பை "இயங்கு நிலையில்" காட்ட வேண்டுமாம். தாளாளர் இரண்டு நாள் யோசித்து, ஆறு ஆண்டில் முதல் முறையாகப் பீரோவைத் திறந்தார்.

குழு வரும் நாள் காலையில் செந்தமிழ்ச்செல்வி கோகிலவாணியை வாய் கொப்பளித்து வரச் சொன்னாள். பல்குச்சியின் மழுங்கிய முனையால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி, ஸ்லைடு என்னும் கண்ணாடி வில்லையில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் நீலச் சாயம் விட்டு, மூடி, மைக்ராஸ்கோப்பில் பொருத்தினாள்.

"இது உன்னோட எபிதீலியத் திசு. குழு பாத்து முடிச்சதும் கடைசியா நீ பாக்கலாம்."

"எனுதையே நான் பாக்கலாமா மிஸ்?"

"பாக்கலாம். நான் காட்டுறேன்."

அந்தப் பெண் அந்த நொடியிலிருந்து கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செந்தமிழ்ச்செல்வி வருகைப் பதிவேட்டை எடுத்துவரப் போனாள். திரும்பி வந்தபோது மைக்ராஸ்கோப்புக்கு மாலை விழுந்திருந்தது. சந்தனம் குழைத்த கிண்ணத்தோடு சுப்புராயன் நின்றார். அதன் உச்சியில், கண் வைத்துப் பார்க்கும் இடத்தில், கட்டை விரல் கனத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"ஐயா! அதுல கண்ண வெச்சித்தாங்க பாக்கணும்!"

"கண்ணு வெப்பாங்கன்னுதாம்மா பொட்டே வெக்கிறது. டிராக்டருக்கு வெக்கிறோம், மோட்டாருக்கு வெக்கிறோம், கரும்பாலைக்கு வெக்கிறோம். எல்லாம் ஓடிக்கினுதான இருக்குது? இதுவும் மெஷினுதான?"

அவள் முந்தானை நுனியை எடுத்தாள்.

"தொடாதம்மா! நல்ல காரியத்துக்கு வெச்ச பொட்ட அழிப்பாங்களா? உன் பர்மனென்ட் ஆர்டர டைப் அடிச்சி மேச மேல வெச்சிருக்கேன். இவங்க போனதும் கையெழுத்துதான்."

இயக்கு தசைகள் நம் விருப்பப்படி இயங்கும் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. செந்தமிழ்ச்செல்வியின் கை தாளாளர் விருப்பப்படி கீழே இறங்கியது.

பதினொரு மணிக்குக் குழு எழுந்தருளியது. இரண்டே பேர்: தலைவர் சிவசங்கர்; உறுப்பினராக ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ராஜாம்பாள். இளநீர் அருந்திய பின் தலைவர் முதலில் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அற்புதம்! மஞ்சள் பிளாஸ்மா. நடுவுல சிவப்பணுக்கள். ரத்தம்! இணைப்புத் திசு."

ராஜாம்பாள் குனிந்தார். அவருடைய இமை மயிர் சந்தனத்தில் பட்டுப் பட்டு மீண்டது. "அசையுதுங்க சார்! தானா துடிக்குது. இது இதயத் தசை."

"அப்பிடியா? நானும் பாக்கறேன்" என்று தாளாளர் குனிந்தார். அவருக்கு மஞ்சளாகத் தெரிந்தது. மஞ்சள் என்றால் நரம்பு. அவர் பள்ளியின் விதி. "எனுக்கு நரம்பாட்டம் தெரியுதுங்க."

கருத்து வேறுபாடு அறிவியலுக்கு நல்லதல்ல என்பதால் குழு அங்கேயே ஒரு தீர்மானம் போட்டது: "ஒரே வில்லையில் மூன்று திசுக்களும் ஒருங்கே தெரியும் அரிய கருவி." வில்லையில் உண்மையாகவே இருந்த திசு மட்டும் ஒருமனதாக விடுபட்டது.

"மிஸ், நீங்களும் பாத்துச் சொல்லிடுங்க" என்றார் தலைவர்.

செந்தமிழ்ச்செல்வி குனிந்தாள். தெரிந்தது சந்தனம். நிமிர்ந்து, "நீங்க சொன்ன மூணுமே தெரியுதுங்க சார்" என்றாள். நரம்புத் திசு சேதியை மூளைக்குக் கொண்டு போயிருக்கத்தான் வேண்டும். வாய்க்கு வருவதற்குள் ஆர்டர் குறுக்கே வந்துவிட்டது.

"மாணவர் தரப்புல ஒருத்தர்?"

கோகிலவாணியின் முறை வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இடது கண்ணால் பார்த்தாள்; வலது கண்ணால் பார்த்தாள்.

"இன்னாம்மா தெரியுது?"

"குங்குமம் சார்."

தலைவர் முன்னால் நகர்ந்து வந்தார்.

"நல்லாப் பாரு. பெரியவங்க நாலு பேருக்குத் தெரிஞ்சது உனுக்குத் தெரியலியா?"

"கண்ணாடி மேலயே சந்தனம் இருக்குது சார். உங்க புருவத்துலகூட ஒட்டிக்கினு இருக்குது."

தலைவர் ராஜாம்பாளின் புருவத்தைப் பார்த்தார். ராஜாம்பாள் தலைவரின் புருவத்தைப் பார்த்தார். மற்றவர் வழியில் ஏதோ கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் என்று இருவரும் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டனர்.

"பாவம், கண்ணுல கோளாறு" என்றார் ராஜாம்பாள். "இப்பவே கண்ணாடி போட்டா சரியாயிடும். மிஸ், உங்க ஸ்டூடன்ட்தான? கிளாஸ்ல எப்பிடி?"

எல்லாரும் செந்தமிழ்ச்செல்வியைப் பார்த்தார்கள். கோகிலவாணிதான் அதிக நம்பிக்கையோடு பார்த்தாள். மிஸ் சொன்னால் தீர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"போர்டுல எழுதறதும் அவளுக்கு... அவ்வளவா தெரியறதில்லங்க."

"கடைசி பெஞ்சுலேர்ந்து எல்லாம் தெரியுது மிஸ்!" என்றாள் கோகிலவாணி. பிறகு குரலைத் தணித்தாள். "பரவால்ல மிஸ். ஒரே ஒரு தபா தொடச்சிட்டுக் காட்டுங்க. அது எனுதுதான மிஸ்? நீங்கதான காட்டுறேன்னீங்க?"

 செந்தமிழ்ச்செல்வியின் முந்தானை நுனி கைக்குள்ளேயேதான் இருந்தது. துடைக்க ஒரு நொடி போதும். அதற்குள் சுப்புராயன் மைக்ராஸ்கோப்பை மாலையோடும் வில்லையோடும் தூக்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"போ கண்ணு, கிளாஸுக்குப் போ" என்றாள். கோகிலவாணி பீரோவையே பார்த்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து போனாள்.

ஆர்டர் கையெழுத்தானது. கேசரி வந்தது. குழுவின் அறிக்கையும் அங்கேயே எழுதி முடிக்கப்பட்டது. பள்ளியின் ஒழுக்கம், தூய்மை, கருவிகளைப் பேணும் பாங்கு ஆகியவற்றைப் பாராட்டிய அறிக்கை, சுகாதாரம் என்ற தலைப்பில் இப்படி முடிந்தது: "இப்பள்ளியின் மாணவர்கள் 412 பேர், ஆசிரியர்கள் 19 பேர் ஆகியோருள் பார்வைக் குறைபாடு உள்ளவர் ஒரே ஒரு மாணவி."

கீழே, நேரில் பார்த்து உறுதி செய்தவர்கள் என்று நான்கு கையெழுத்துகள். அவற்றுள் மிகத் தெளிவானது செந்தமிழ்ச்செல்வியுடையது.