டெம்ப்ளேட்டிடம் சிக்கிய என் நோட்டுகள்

பத்து நிமிட வேலையை இரண்டு நிமிடத்தில் முடிப்பதற்காக இரண்டு மாதம் உழைக்கிற பிறவி உலகத்திலேயே ஒன்றுதான். அது திருவண்ணாமலையில் என் அறையில் குடியிருந்தது. நாங்கள் வைத்த பெயர் டெம்ப்ளேட். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அரசு வேலைத் தேர்வுக்கு மூன்று பேர் ஒன்றாகப் படித்தோம். எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. "இந்த வாட்டியும் ஊத்திக்கிச்சுன்னா மூட்டையக் கட்டிக்கினு வந்து மல்லாட்டைக் கொல்லையப் பாரு" என்று கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை பயிரிடும் அப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். அப்போதுதான் டெம்ப்ளேட் என் கையெழுத்து நோட்டுகளை வாங்கிக்கொண்டான். "நாலே நாள்ல அழகா டைப் பண்ணி புக்காட்டம் தரேன்" என்றான். நம்பினேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான்காம் நாள் லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். 'அத்தியாயம் ஒன்று' என்ற தலைப்பு, அதைச் சுற்றி ஒரு கட்டம். அவ்வளவுதான்.

"மத்ததெல்லாம் எங்கடா?"

"ஸ்டைல் செட் பண்றேன். அப்புறம் பாரு, ஒரு எடத்துல மாத்தினா புக்கு முழுக்க மாறிடும்."

"புக்கே இல்லியேடா!"

அடுத்த வாரம் வரலாற்றுப் பாடத்தில் அரசர்கள் பெயருக்குப் பச்சை எழுத்தா காவி எழுத்தா என்று ஆராய்ச்சி. என் நோட்டுகளை ஏடு ஏடாகப் பிரித்துத் தரையெங்கும் பரப்பினான். பறந்துவிடுமாம், ஃபேன் போடக் கூடாது. அந்த வெயிலில் வெந்தோம். ஜெராக்ஸ் கடையில் பேப்பர் வெளுப்பு ஜாஸ்தி என்று சண்டை போட்டான். "தம்பி, நீ பரீட்சை எழுதப் போறியா, கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போறியா?" என்று கடைக்காரர் விரட்டினார்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது வெடித்துவிட்டேன். "உன் அழகுல கொள்ளி வைக்க! என் நோட்டக் குட்றா!"

அவன் லேப்டாப்பைத் திறந்தான். உட்கார்ந்தான், மூன்றே நாளில் மொத்தத்தையும் அடித்து பைண்டிங்கோடு கொண்டுவந்தான். மூன்றாவது ஆளான குமாருக்கு மெல்லிய புத்தகம். எனக்குத் தலையணை.

"எனக்கு மட்டும் ஏன்டா இவ்ளோ பேப்பர வேஸ்ட் பண்ண?"

"உனக்கு எழுத்து பெருசா வச்சேன்."

"எவன் கேட்டான்?"

"நீதான் நோட்ட மூக்குல ஒட்டிக்கினு படிக்கிற. சாயங்காலமானா தலைவலின்னு படுத்துக்கிற. ஒரே எடத்துல மாத்தினேன், அவ்ளோதான்."

கண் சரியில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அந்தத் தலையணையைப் படித்துத்தான் தேறினேன். மல்லாட்டைக் கொல்லை பிழைத்தது. அவன்மேல் கோபம் மட்டும் இன்றுவரை தீரவில்லை. ஆனால் அந்தப் படுபாவியை வேறு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பொறுக்காது.