நூல் மேஸ்திரியும் எங்கள் வீட்டு பார்டரும்

உடைத்தது யார் என்று தெரியாமல் ஒரு கைப்பிடி சிமெண்ட்டைக்கூடக் குழைக்காத கொத்தனார் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் உத்திரமேரூரில் இருக்கிறார். பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியலாம். ஊருக்கு அவர் நூல் மேஸ்திரி.

புது வீடு கட்டக் கூப்பிட்டால் வரமாட்டார். அடுத்தவர் பெயர்த்ததை ஒட்டுவது மட்டும்தான் அவர் தொழில். மூளியான சன்ஷேடு, லாரி உரசிய கேட் தூண், ஏசி மாட்ட வந்தவர் ஓட்டை போடுகிறேன் என்று பாதிச் சுவரைப் பிடுங்கிவிட்டுப் போன ஜன்னல் ஓரம் என்று எதுவானாலும் ஒட்டுவார். ஒட்டிய பிறகு தெருவில் போகிறவர்களை நிறுத்தி, எந்த இடம் என்று கண்டுபிடிக்கச் சொல்வார். ஒருவர் சரியாகக் காட்டிவிட்டாலும் போதும், இடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வீட்டுக்காரர் காலில் விழுந்தாலும் கேட்க மாட்டார்.

ஆனால் ஊர் பயந்தது இதற்கு இல்லை. விளிம்பு நேராக வருவதற்காகக் கொத்தனார்கள் நூல் பிடிப்பார்கள் அல்லவா, அதன் ஒரு முனைக்கு மேஸ்திரி ஆணி அடிப்பார். மறுமுனையை உடைத்த ஆள்தான் நின்று பிடிக்க வேண்டும். அங்கேயும் ஓர் ஆணி அடித்தால் என்ன என்று யாரோ ஒரு புத்திசாலி கேட்டாராம்.

"அடிக்கலாம் நைனா. அடுத்த தபா ஆணியா பாத்து நடந்துக்கப் போவுது?" என்றாராம் மேஸ்திரி.

சாலவாக்கத்தில் ஒரு காளை மாடு காம்பவுண்டுச் சுவரின் ஓரத்தைக் கொம்பால் பெயர்த்துவிட்டது. நூலை நான் பிடிக்கிறேன் என்று மாட்டுக்காரர் முன்வந்தார். நீயா முட்டினாய் என்று கேட்டு அவரை உட்கார வைத்துவிட்டார் மேஸ்திரி. மாட்டை ஓட்டிவந்து கொம்பில் நூலைக் கட்டினார்கள். அது ஒரு மணி நேரம் அசை போட்டபடி நின்றதாம். இதுவரை நூல் பிடித்தவர்களிலேயே நடுவில் போன் பேசாதது அது ஒன்றுதான் என்று அவர் இன்றைக்கும் மெச்சிக்கொள்வார். புயலில் பெயர்ந்ததற்கு யாரைக் கூப்பிடுவீர்கள் என்று நான் ஒருமுறை மடக்கினேன். புயல் வேலையைத் தான் எடுத்துக்கொள்வதில்லை என்றார்.

அப்படிப்பட்டவரிடம் நானே போய் மாட்டிக்கொண்ட கதைதான் இது.

தாலுகா ஆபீசில் பேனா பிடித்துக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு என்னுடையது. முகப்பில் சன்ஷேடுக்குக் கீழே இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் மூன்று வரிகளாக ஒரு சிமெண்ட் பார்டர் ஓடும். பூச்சு இறுகுவதற்காக அதற்கு ஏழு நாளும் நானே தண்ணீர் ஊற்றினேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன்.

என் மனைவி செல்வியின் தம்பி சேகர், ராஜகுளத்தில் இருக்கிறான். சோலார் ஹீட்டர் மாட்டும் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்திருந்தான். முதல் வேலை எங்கள் வீட்டில்தான் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்து வந்தான். மொட்டை மாடிக்கு இழுக்கும்போது கயிறு நழுவி, ஹீட்டரின் தொட்டி பார்டரில் மோதியது. ஓர் ஆள் நீளத்துக்கு மூன்று வரியும் பொலபொலவென்று கீழே வந்துவிட்டன. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று அவனே வெள்ளை சிமெண்ட்டை அப்பிவைத்திருந்தான். வீட்டுக்குப் பல்வலி வந்து கன்னத்தில் பற்றுப் போட்டதுபோல இருந்தது.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. தெருவே வேடிக்கை பார்க்க, "இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டேன். சேகர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சொல்லி முடித்த பிறகுதான் காலண்டர் ஞாபகம் வந்தது. மூன்று வாரத்தில் என் மகள் யாழினிக்குக் காதுகுத்து. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். அவனைத்தான் நான் வாசலோடு துரத்தியிருந்தேன். செல்வி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாம்பாரில் உப்பு போதவில்லை என்றால்கூடச் சுவரிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பார்டரையாவது சரிசெய்தால் பாதிச் சூடு தணியும் என்று மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். மொபெட்டில் ஒரு பெயிண்ட் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் வீட்டைப் பார்த்தார். பிறகு ஏணியை நகர்த்தி நகர்த்திப் போட்டு ஏறி, பூச்சுக் கரணையின் கைப்பிடியால் பார்டரை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தட்டிக்கொண்டே போனார். உடைந்த இடத்துக்கு அருகே நின்று ஒரு துண்டை விரலால் நசுக்கினார். அது மாவாக உதிர்ந்தது.

"கட்டறப்போ இதுக்குத் தண்ணி யாரு வுட்டது நைனா?"

"நான்தான். ஏழு நாளும்."

"சரி" என்று இறங்கிவிட்டார். அவருடைய அடுத்த கேள்வி எனக்குத் தெரிந்ததுதான். தன் தம்பி உடைத்தது என்று செல்வி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். அப்படியானால் அவரை வரச் சொல்லுங்கள் என்றார் மேஸ்திரி.

அவனை நான் எப்படிக் கூப்பிடுவது? எனக்கும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. செல்வி போன் செய்ததற்கு, மாமா கூப்பிட்டால் வருகிறேன் என்று அவனும் முறுக்கிக்கொண்டான். இப்படியே நாலு நாள் ஓடிற்று.

ஐந்தாவது நாள் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. எங்கள் ஆபீஸ் பியூன் தனசேகரைக் கூட்டிவந்து, இவர்தான் உடைத்த மச்சான் என்று மேஸ்திரி முன்னால் நிறுத்தினேன். பாதிப் பெயர் பொருந்துகிறதே என்ற தைரியம் எனக்கு. தனசேகர் தலையைக் குனிந்து, கையைப் பிசைந்து, கண்ணீர்கூட விட்டார். நடுநடுவே உடைந்த இடத்தை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துப் பெருமூச்சும் விட்டார். மேஸ்திரி அவர் தோளில் கை போட்டார்.

"நீ ஒடைக்கல நைனா, வூட்டுக்குப் போ. ஒடச்சவன் அந்த எடத்தப் பாக்கவே மாட்டான்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அப்போது நான் அவருடைய மொபெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் அதைப் பார்த்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

அன்றைக்கே சேகருக்குப் போன் செய்தேன். வா என்று ஒரு வார்த்தை சொல்வதற்குள் தொண்டையை மூன்று முறை கனைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் வந்தான். வந்தவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். நான் சொன்னதை எழுத்து மாறாமல் கடைப்பிடிக்கிறானாம். மேஸ்திரி தகரத்தை வெட்டி, மிச்சம் இருந்த பார்டரின் வளைவுக்குப் பொருந்தும் அச்சு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை. செல்வி கதவருகில் நின்றாள். யாரும் எனக்கு உதவி செய்வதாக இல்லை.

"உள்ள வா மச்சான்" என்றேன்.

இரண்டு ஏணிகளுக்கு நடுவே மேஸ்திரி பலகை கட்டியிருந்தார். நூலின் ஒரு முனையைச் சேகரிடம் கொடுத்தார். அவர் மறுமுனைக்கு ஆணி அடிப்பதற்காகக் காத்திருந்தேன். அவரோ அந்த முனையை என் கையில் கொடுத்தார். எனக்கு எதற்கு என்று கேட்டேன். பக்கத்தில் வந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஏழு நாளு தண்ணி குடிச்ச பூச்சு இப்பிடி மாவாவாது. புடி."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊற்றியது இரண்டு நாள். மீதி ஐந்து நாளும் ஏணி ஏறச் சோம்பல்பட்டு, வாசலை மட்டும் ஈரமாக்கிவிட்டு, அப்போது அம்மா வீட்டுக்குப் போயிருந்த செல்விக்கு எல்லாம் ஊற்றியாயிற்று என்று போனில் சொல்லிவிட்டேன். அந்தத் தொட்டி மோதாவிட்டாலும் என்றாவது ஒருநாள் அது தானாகவே விழுந்திருக்கும். மேஸ்திரிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெருவைக் கூட்டி வைத்து அவர் என் மானத்தை வாங்கியிருக்கலாம். நான் சேகருக்குச் செய்தது அதைத்தானே. அவரோ நூலைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சிமெண்ட் குழைக்க ஆரம்பித்துவிட்டார்.

பலகையின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் சேகர். நடுவில் மேஸ்திரி அச்சை இழுத்து இழுத்து மூன்று வரிகளையும் கொண்டுவந்தார். நூல் தொய்ந்தால் ஓர் உறுமல் வரும். கொஞ்ச நேரம் கழித்துச் சேகர், கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க மாமா என்றான். உயர்த்தினேன். மனசு கேட்கவில்லை.

"மச்சான், இந்த பார்டருக்கு நான் தண்ணியே ஒயுங்கா வுடல."

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஆனால் என் கையிலிருந்த நூல் கிடுகிடுவென்று ஆடியது. பார்த்தால், அடக்க முடியாமல் சிரிக்கிறான். கதவருகில் நின்ற செல்வி என்ன என்று கேட்டாள். ஒரு வாரம் கழித்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. மேஸ்திரி இரண்டு பேரையும் திட்டி, ஆடிய நூலால் கெட்டுப்போன வரியை மறுபடி இழுத்தார்.

காய்ந்ததும், வெளுத்துப்போயிருந்த பழைய பெயிண்ட்டுக்கு ஏற்றபடி நிறம் கலந்து அடித்தார். தெருவில் பதினோரு பேரை நிறுத்திக் கேட்டார். ஒருவராலும் காட்ட முடியவில்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஏழு நாளும் நான் ஏணி ஏறித் தண்ணீர் ஊற்றியிருந்தேன். சந்தேகப்பட்டு, சேகர் தினமும் ராஜகுளத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். குறித்த நாளில் யாழினி அவன் மடியில் உட்கார்ந்து, வீரிட்டு அழுது, அவன் கட்டைவிரலைக் கடித்துவைத்தாள். மேஸ்திரி முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மண்டபத்துத் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பொய்யை இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் இதோ உங்களிடம் சொல்லிவிட்டேன். எங்கள் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் மொபெட்டை நிறுத்தாமலே கையை நீட்டி எங்கள் கேட் தூணை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அந்தச் சத்தம் கேட்டால் செல்வி டீ போட எழுந்துகொள்வாள். அவர் நிற்க மாட்டார் என்று அவளுக்கும் தெரியும். அந்த டீயை நான்தான் குடிக்கிறேன், அவர் பங்குக்கும் சேர்த்து.