எழுபதாவது வளைவில் போன போட்டி

வளப்பூர் நாடு,
சனிக்கிழமை.

கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்க்கும் என் மனைவி கவிதாவுக்கு, சின்னக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கு நானும் நம் மகள் பிரியாவும் ஏழு கோழிகளும் சுகம். உன் சுகமும் உன் அறைத் தோழிகள் சுகமும் அறிய ஆவல். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. நீயும் "சாப்பிட்டீங்களா"வைத் தாண்டுவதில்லை.

நேற்று சேந்தமங்கலத்தில் பிரியாவுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் போட்டி. ஜெயித்தால் அடுத்த சுற்று கோயம்புத்தூரில் என்று டீச்சர் சொன்னதிலிருந்து பிள்ளைக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. கோப்பைக்காக அல்ல, உன்னைப் பார்க்கத்தான். எட்டு மாதம் ஆயிற்றே. சனிக்கிழமைதோறும் பயிற்சிக்கு மலை இறங்கும்போது பஸ்ஸிலேயே வளைவுக்கு ஒரு வார்த்தையாக, எழுபது வளைவுக்கு எழுபது வார்த்தை படித்தாள். நான் பக்கத்தில் தாளைப் பிடித்துக்கொள்வேன். அதில் வந்த வினை, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால்தான் அவளுக்கு வார்த்தை வரும் என்றாகிவிட்டது. மேடையிலும் சாய்ந்து சாய்ந்தே சொன்னாள், ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர். அவளுக்கு வந்தது எழுபதாவது வளைவின் வார்த்தை. அவள் சாய்ந்தாள், கீழே உட்கார்ந்திருந்த நானும் என்னை அறியாமல் சாய்ந்து பக்கத்திலிருந்த ஒரு வாத்தியார் மடியில் விழுந்தேன். நடுவர் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, பிள்ளைக்குச் சைகை காட்டறீங்களா?"

"இல்லீங்க, எனக்கு ஏபிசிடியே அரைகுறைங்க. பஸ்ஸு திரும்புச்சு, சாஞ்சுட்டேனுங்க."

"இங்க ஏதுங்க பஸ்ஸு?"

பிள்ளையை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். மலை ஏறும்போது எந்த வளைவிலும் அவள் சாயவில்லை, கம்பியைப் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஆனாலும் நீ கவலைப்படாதே. லீவு கேட்டு அலையவும் வேண்டாம். மிளகு பறிக்கும் சமயம், நாங்களும் வருவதற்கில்லை. நீ இல்லாமல் எங்களுக்கு நன்றாகவே பழகிவிட்டது. சாயங்கால பஸ் வரும்போது மட்டும் ஏதோ வேலை இருப்பதுபோல இரண்டு பேரும் ரோட்டுக்குப் போய் நிற்கிறோம், அவ்வளவுதான்.

நம் மலைச்சாமி அறப்பளீசுவரர் உன்னைக் காப்பார். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
சின்னக்கண்ணு

பின்குறிப்பு: பழகிவிட்டது என்று எழுதியது பொய். பிரியா எட்டிப் படித்துவிட்டு, "ஏனுங்கப்பா, போட்டியில ஜெயிச்சாத்தான் கோயம்புத்தூர் பஸ்ஸுல நம்மள ஏத்துவாங்களா?" என்று கேட்டாள். எட்டு மாதமாக இது என் மண்டைக்கு எட்டவில்லை பார். மிளகு கொடியிலேயே கிடக்கட்டும், நாளைக் காலை முதல் பஸ்ஸில் வாரோம். இதைத் தபாலில் போடவில்லை, மில் வாசலில் என் கையாலேயே தருவேன். உன்னைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது, நீயே படித்துக்கொள் கண்ணு.