வாடகை வள்ளத்தில் ஒரு தகப்பன்

பாய்ப்படகுப் போட்டிக்குப் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு என்னால் சொல்ல முடிந்த ஆலோசனை ஒன்றே ஒன்றுதான்: வள்ளம் வாடகைக்கு எடுக்காதீர்கள். மற்றதைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார்.

மதுரை விளாங்குடிக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற ஊர் எங்களுடையது. ஆனால் மகள் ஹரிணி பதினோரு வயதில், கோடை விடுமுறைக்குத் தூத்துக்குடியில் சித்தி வீட்டுக்குப் போன இடத்தில், பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு கற்றுக்கொடுக்கும் ஒரு சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். ஒரு பிள்ளை, ஒரு பாய், குளியல் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிய படகு. அதன் பிறகு ஒன்றரை வருடம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் தூத்துக்குடிச் சாலையில் கழிந்தன.

பயிற்சியாளர் பெயர் ஜெனி மிஸ். பெற்றோருக்கு மூன்று விதிகள் வைத்திருந்தார். படகில் பாயைப் பிள்ளையே கட்டிப் பூட்ட வேண்டும். கரைக்கு வந்ததும் ‘எத்தனாவது வந்தாய்’ என்று கேட்கக்கூடாது, ‘தண்ணீர் குடித்தாயா’ என்று கேட்க வேண்டும். போட்டி நடக்கும்போது யாரும் கரையை விட்டு நகரக்கூடாது.

“பிள்ளைய கடலு பாத்துக்கிடும். ஒங்களத்தான் நாங்க பாத்துக்கிட வேண்டியிருக்கு” என்பார்.

முதல் விதியை இரண்டாவது வாரமே மீறினேன். நான் போட்ட முடிச்சு நடுக்கடலில் அவிழ்ந்து, பாய் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் ஆனார்கள். (புத்தகத்தில் படம் பார்த்துப் போட்ட முடிச்சு. எனக்கு எதையும் முதலில் படித்துவிட வேண்டும். நீச்சலையும் அப்படித்தான் படித்தேன். இன்றுவரை தெரியாது.)

இந்த நிலையில்தான் தேர்வுப் போட்டி வந்தது. முதல் மூன்று பேருக்கு மாநிலப் போட்டியில் இடம். சனிக்கிழமை முடிவில் ஹரிணி மூன்றாவது. ஞாயிறு காலையில் ஒரே ஒரு ஓட்டம் பாக்கி. அன்றிரவு அவள் சாப்பாட்டைப் பிசைந்தாளே தவிரச் சாப்பிடவில்லை. எனக்கும் பதற்றம். பதற்றமானால் நான் யாருக்காவது போன் செய்வேன். அன்றைக்கு மச்சான் பாண்டிக்குச் செய்தேன்.

பாண்டி என் மனைவி சுமதியின் அண்ணன். பேரையூரில் விதைக்கடை வைத்திருக்கிறார் என்பது ஒரு பேச்சுக்குத்தான். உண்மையான தொழில் மாட்டுவண்டிப் பந்தயம். அந்தப் பந்தயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓடுவது வண்டி மட்டும் இல்லை. வண்டியைச் சுற்றி மாட்டுக்காரர்களின் சொந்தபந்தம் முழுவதும் பைக்கில் கூடவே பறக்கும். எந்தப் பக்கம் ஒதுங்கணும், எங்கே முந்தணும் என்று வழி நெடுகக் கத்திக்கொண்டே போவார்கள். கூடப் போகாத சொந்தக்காரனை அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

“பிள்ளைய ஒத்தையில விட்டுட்டு கரையில ஒக்காந்து என்னத்தப் பாக்கப் போறீக மாப்ள? இருங்க, வாரேன்” என்றார்.

காலையில் கடற்கரையில் வந்து இறங்கினார், இராத்திரியோடு இராத்திரியாக அச்சடித்த இரண்டு டீ சட்டைகளோடு. நெஞ்சு நிறைய ஹரிணியின் படம். கீழே ‘பேரையூரின் கடல்வேங்கை’. (பேரையூரில் கிணற்றுத் தண்ணீர்கூட ஆழத்தில்தான் கிடக்கும்.) ஒன்றை அவர் போட்டிருந்தார். இன்னொன்று எனக்கு. படித்தவன் இதற்கு மறுப்புச் சொல்லியிருக்க வேண்டும். நான் அளவு சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன்.

“ரெண்டு பேரும் எங்க போறீக?” என்றாள் சுமதி, பிளாஸ்கைத் திறந்தபடி.

“சும்மா, காத்து வாங்கிட்டு வாரோம் தாயி” என்றார் பாண்டி.

மோட்டார் பூட்டிய மீன்பிடி வள்ளம் ஒன்றைப் பேசி ஏறினோம். வள்ளக்காரர் நல்ல மனிதர். “அண்ணாச்சி, அங்கன பிள்ளைகளுக்குப் போட்டி நடக்கு. கிட்ட போவக் கூடாது” என்று கிளம்பும்போதே சொன்னார். “தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துருவோம்ணே” என்றேன். அந்த நிமிடம் அதை நான் மனதாரத்தான் சொன்னேன்.

போகிற வழியில் பாண்டிக்கு ஒரு விரிவுரையும் நடத்தினேன். எதிர்க்காற்றில் பாய்ப்படகு நேராகப் போகாது. இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று குறுக்கும் நெடுக்குமாக ஏறித்தான், சுற்றித் திரும்ப வேண்டிய மிதவையை அடையும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார்.

ஊதல் சத்தம் கேட்டது. பதினைந்து சின்னப் பாய்கள் புறப்பட்டன. ஹரிணியின் பாய் எண்ணைக் கண்டுபிடித்தேன். நான்காவதாகப் போனாள். திடீரென்று மற்ற எல்லோரும் இடது பக்கம் போக, இவள் மட்டும் மிதவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலது பக்கம் திரும்பிவிட்டாள்.

இரண்டு புத்தகம் படித்து, பத்து நிமிடம் பாடமும் எடுத்தவன், எழுந்து நின்று “ஹரிணி, தப்பாப் போற, நேராப் போ” என்று கத்தினேன்.

“காதுல விழல மாப்ள. அண்ணே, கிட்ட விடுங்க” என்றார் பாண்டி. வள்ளக்காரர் தயங்கினார். “எங்க பிள்ளைதாண்ணே. ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

கிட்டப் போனோம். காற்று எந்தப் பக்கமிருந்து வந்ததோ, சரியாக அந்தப் பக்கம் போய் மதில் மாதிரி நின்றோம். அதுவரை விடைத்திருந்த அவள் பாய், நனைந்த துண்டு போலத் தொங்கியது. வள்ளம் கிளப்பிய அலை படகை ஆட்டியது. பாண்டி மாட்டை முடுக்குகிற குரலில் முடுக்கினார். ஹரிணி படகுக்குள் ஏறிய தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே எங்களைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. கூட்டத்தில் தெரிந்தவரின் வேட்டி அவிழ்ந்துவிட்டால் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை.

அதற்குள் இடது பக்கம் போனவர்கள் காற்றில்லாமல் நின்றுபோயிருந்தார்கள். வலது பக்கம்தான் அன்றைக்குக் காற்று. அது அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. எங்கள் புண்ணியத்தில் ஆறாவதாக முடித்தாள்.

கரையில் ஒரு மேசை, மூன்று நடுவர்கள், மேசைமேல் விளையாட்டுப் பொம்மை போலச் சின்னச் சின்னப் படகுகள். போட்டியில் யாராவது இடைஞ்சல் செய்தால் பிள்ளைகள் எழுதிக்கொடுக்கலாம், விசாரிப்பார்கள். ஹரிணி எழுதிக்கொடுத்திருந்தாள். ‘ஒரு வள்ளம் என் காற்றை மறைத்தது. அலை அடித்தது. சத்தம் போட்டார்கள்.’ அதிலிருந்தவர்கள் யார் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

பெரிய நடுவர் நிதானமானவர். “சம்பந்தமில்லாத வள்ளம் குறுக்க வந்திருந்தா இந்தப் பிள்ளைக்கு ஈடு குடுத்து பழைய இடத்துலயே வச்சிருவோம். பிள்ளையோட ஆளுகளே வந்திருந்தா, இந்த ஓட்டம் அவளுக்குச் செல்லாது” என்று விளக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க எதுக்கு சார் அங்க வந்தீங்க?”

அந்தக் காலியிடத்தைப் பார்த்தேன். மாநிலப் போட்டி அதற்குள்தான் இருந்தது.

“மீன் பிடிக்க வந்தோம்” என்றேன்.

“வலை?”

“மறந்துட்டு வந்துட்டோம்” என்றார் பாண்டி, கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு.

சட்டையை மறைக்கிற அந்த யோசனை எனக்கு வரவில்லை. நடுவர் என் நெஞ்சைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு எதிரே நின்ற கடல்வேங்கையைப் பார்த்தார். ஜெனி மிஸ் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“இவங்கள உனக்குத் தெரியுமாம்மா?”

ஹரிணி காலிக்கட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பொம்மைப் படகு ஒன்றை விரலால் நகர்த்தி நேராக வைத்தாள்.

“அது எங்க அப்பா. இது மாமா” என்றாள். “மீன் எதுவும் பிடிக்கல.”

ஓட்டம் செல்லாது என்றார்கள். மொத்தத்தில் ஐந்தாவது. மாநிலப் போட்டிக்கு அடுத்த வருடம்தான் போனாள். நடுவில் எங்கேயோ வந்தாள். நான் தண்ணீர் குடித்தாயா என்று மட்டும் கேட்டேன்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது எட்டயபுரம் தாண்டும்வரை காரில், மன்னிப்பு கேட்க நான் நல்ல தமிழில் ஒரு வாக்கியம் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அப்பா, நெசமா பிடிச்சிருந்தா என்ன மீன் பிடிச்சிருப்பீங்க?”

முதலில் சிரித்தது சுமதி. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவரை சிரித்தாள். பிறகு ஹரிணி. பாண்டி மட்டும், “நெத்திலின்னு சொல்லிருக்கணும் மாப்ள, நம்பிருப்பாக” என்றார்.

இப்போது ஹரிணி பிளஸ் டூ. சுமதி கார் ஓட்டப் பழகுகிறாள். காளவாசல் சிக்னலில் நான் இல்லாத பிரேக்கை மிதித்து, “கிளட்ச், கிளட்ச்” என்று ஆரம்பித்தால் போதும், பின் சீட்டிலிருந்து அந்த நடுவரின் நிதானமான குரல் வரும்.

“பக்கத்துல இருக்கவர உங்களுக்குத் தெரியுமாம்மா?”

சுமதி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்: “தெரியாதுங்க. மீன் பிடிக்க வந்தவரு போல.”